டிரிப்ஸில் ஏறும் சோயா எண்ணெய் கருவைக் காக்குமா?

வணக்கம், மும்பை மாட்டுங்காவிலிருந்து பேசுகிறேன்.

(திரையில்: வெள்ளைத் திரவம் சொட்டும் டிரிப்ஸ் பை)

பால்போல் வெளுத்த இந்தத் திரவத்தின் பெயர் இன்ட்ராலிப்பிட். வாயால் உண்ண இயலாத நோயாளிகளுக்கு உணவாக உருவான இதில் இருப்பவை சோயா எண்ணெய், முட்டை மஞ்சள் கருவின் கொழுப்பு, கிளிசரின், தண்ணீர். 'உங்கள் எதிர்ப்புச் சக்தியே கருவைத் தாக்குகிறது' என்று சொல்லப்பட்ட பெண்களுக்கும் சில இடங்களில் இதை ஏற்றுகிறார்கள்.

பாதி தந்தையுடையதான கருவைத் தாயின் உடல் ஏன் வெளியே தள்ளுவதில்லை என்று பீட்டர் மெடாவர் 1953இல் கேட்டார். அச்சமும் வியாபாரமும் அங்கிருந்தே கிளைத்தன.

இந்த அச்சத்துக்குப் பாதிக் காரணம், 'இயற்கைக் கொல்லி செல்' என்று நம் எதிர்ப்புச் சக்தியின் ஓர் அணுவுக்குப் பெயர் வைத்தவர்கள்தான். இன்ட்ராலிப்பிட் ஏற்றுபவர்கள் அடக்க நினைப்பது இந்த அணுவைத்தான். தாதர் நிலையத்தில் லத்தியோடு நிற்கும் ரயில்வே காவலரும் நம் சொசைட்டி வாட்ச்மேனும் சீருடைக்காரர்களே. ஆனால் வாட்ச்மேன் யாரையும் அடிப்பதில்லை, மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறார். கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பை உட்சுவரிலுள்ள எதிர்ப்பணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்தக் 'கொல்லி'களே; அவை அங்குள்ள இரத்தக் குழாய்களை அகலமாக்கி, நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தாராளமாகப் பாய உதவுகின்றன. கையில் இரத்தம் எடுத்து இவற்றை எண்ணுவது, தாதர் காவலரைக் கணக்கெடுத்துவிட்டு நம் வாட்ச்மேனைச் சந்தேகிப்பதற்குச் சமம். அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டால் மோட்டாரை யார் போடுவது?

ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023இல் வெளியிட்ட பரிந்துரைகளில், இன்ட்ராலிப்பிட் வேண்டாம் என்றே சொல்கிறது. விந்தணுவைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தால், விந்தணுவை நேரே கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை அந்தத் தடையைத் தாண்டிவிடும்.

உறுதியான சான்றுள்ள சிகிச்சை, உடலின் எதிர்ப்பொருள்களே இரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கு உண்டு. அது கருத்தரிக்காமல் இருப்பதைவிட, தரித்த கரு மீண்டும் மீண்டும் கலைவதோடு தொடர்புடையது. லண்டனில் 90 பெண்களிடம் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதத்தினரும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதத்தினரும் குழந்தை பெற்றார்கள். இரண்டும் பழைய, விலை மலிந்த மருந்துகள். அதனால்தானோ என்னவோ, இவற்றுக்கு விளம்பரப் பலகை இல்லை. இவற்றையும் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகுமுன் உங்கள் கோப்பைத் திறந்து, இந்த நோயைக் கண்டறியும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் ஆகிய மூன்று பரிசோதனைகளையும் தேடுங்கள். ஏதேனும் ஒன்றில் கோளாறு காட்டியிருந்தால், 12 வாரங்களுக்குப் பின் அது மறுபடியும் எடுக்கப்பட்டதா என்று தேதியையும் பாருங்கள்.