'சின்ன டொக்டர்': பயிற்சியில் உள்ள மருத்துவரின் பதவிப் பெயரும் நோயாளியின் நம்பிக்கையும்

(காட்சி: மங்கிய வெளிச்சத்தில் மருத்துவமனை வார்டு. சுவர்க் கடிகாரம் 2 மணி காட்டுகிறது.)

இலண்டனில் தமிழர்கள் அதிகம் வாழும் பகுதி ஒன்றின் பொது மருத்துவமனை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மம்மா, நெஞ்சு வலியோடு அனுமதிக்கப்பட்டிருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் போதாது என்பதால் பேத்தி அருகில் நின்று மொழிபெயர்க்கிறாள். கட்டிலருகே வந்த பெண் மருத்துவர் தம் பெயரைச் சொல்லி, தாம் 'ஜூனியர் டாக்டர்களில்' ஒருவர் என்கிறார். பேத்தி சற்று யோசித்து, "சின்ன டொக்டர் வந்திருக்கிறா, அம்மம்மா" என்கிறாள். அம்மம்மா மருத்துவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "அப்ப பெரிய டொக்டர் எப்ப வருவார், பிள்ளை?"

இது 'ஜூனியர் டாக்டர்' என்ற பெயர் வழக்கில் இருந்த காலத்தில் நடப்பதாக, விளக்கத்துக்காக நாம் அமைத்த காட்சி; ஆனால் இரவுப் பணி பார்த்த மருத்துவர்கள் பலருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பேத்தியைக் குறை சொல்லவும் முடியாது. 'ஜூனியர்' என்பதைத் தமிழில் சொல்லப் போனால் அவளுக்கு வேறென்ன வாய்க்கும்?

அந்த மருத்துவர் யார் என்று பார்ப்போம். மருத்துவக் கல்லூரியில் 5 ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்றவர். அதன்பின் 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சியை முடித்து, உள்மருத்துவத் துறையில் (அறுவை சிகிச்சை சாராத மருத்துவத்தில்) மேலும் பல ஆண்டுகளாகப் பணியாற்றிக்கொண்டே சிறப்புப் பயிற்சி பெறுபவர். மருத்துவமனைப் பேச்சு வழக்கில் அவர் 'மெடிக்கல் ரெஜிஸ்ட்ரார்'. பிரித்தானியாவின் பல மருத்துவமனைகளில் இரவு நேரத்தில் கன்சல்டன்ட், அதாவது பயிற்சியை முழுதும் முடித்த மூத்த சிறப்பு மருத்துவர், வீட்டில் இருந்தபடி தொலைபேசி அழைப்புக்குக் காத்திருப்பார். கட்டடத்துக்குள் இருக்கும் உள்மருத்துவர்களில் மிக மூத்தவர் இந்த ரெஜிஸ்ட்ரார்தான். அம்மம்மா தேடிய பெரிய டொக்டர் அந்த இரவில் அவர் கண்முன்னேதான் நின்றுகொண்டிருந்தார்.

(காட்சி: ஒரே ஏணியின் முதல் படியிலும் கடைசிப் படியிலும் நிற்கும் இருவர், இருவர் சட்டையிலும் ஒரே பெயர்ப் பட்டை.)

பட்டம் பெற்று முதல் வாரம் வார்டுக்கு வந்த 23 வயது இளைஞரையும், 10 ஆண்டு அனுபவத்தோடு இதயக் குழாய்க்குள் கம்பியைச் செலுத்தி அடைப்பை நீக்குபவரையும் 'ஜூனியர் டாக்டர்' என்ற ஒரே சொல் குறித்தது. கன்சல்டன்ட் ஆகாத வரை, அல்லது குடும்ப மருத்துவராகத் தகுதி பெறாத வரை, அந்தச் சொல் அவர்களை விட்டு நீங்கவில்லை. வெளியே இந்த நிலை என்றால், உள்ளே வழங்கிய பெயர்களும் நோயாளிக்கு விளங்கக்கூடியவையாக இல்லை. 2005-இல் அடிப்படைப் பயிற்சித் திட்டம் வந்ததைத் தொடர்ந்து 'ஹவுஸ் ஆபீசர்', 'சீனியர் ஹவுஸ் ஆபீசர்' என்ற பழைய பெயர்கள் அதிகாரபூர்வமாக விலக்கப்பட்டன. இருந்தும் வார்டுகளில் 'சீனியர் ஹவுஸ் ஆபீசர்' என்பதன் சுருக்கமான 'எஸ்.எச்.ஓ.' என்ற அழைப்பு இன்றும் கேட்கிறது. 'ரெஜிஸ்ட்ரார்' என்றால் பொதுமக்களுக்கு நினைவுக்கு வருபவர் பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதியும் அலுவலர். போதாக்குறைக்கு, அறுவை சிகிச்சைத் துறையில் இருப்பவர்கள் அறுவை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் உறுப்பினர் தேர்வான எம்.ஆர்.சி.எஸ். தேர்வில் தேறிய பிறகு 'டாக்டர்' என்ற முன்னொட்டை விட்டுவிட்டு 'மிஸ்டர்' என்றோ 'மிஸ்' என்றோ அழைக்கப்படுவது அந்நாட்டின் பழைய மரபு. அது அவர்களுக்குப் பெருமை, புதிதாக வரும் நோயாளிக்கோ குழப்பம்.

பெயரில் என்ன இருக்கிறது, வேலைதானே முக்கியம் என்று சிலர் கேட்பதுண்டு. நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. எதிரில் நிற்பவரின் திறமையை அளக்க நோயாளியிடம் எந்தக் கருவியும் இல்லை. வயது, உடை, பேச்சு, கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப், அட்டையில் உள்ள பதவிப் பெயர் ஆகியவற்றைக் கொண்டே அவர் சில நொடிகளில் ஒரு முடிவுக்கு வருகிறார். அந்த முடிவுக்கு மருத்துவ விளைவுகள் உண்டு. எதிரில் இருப்பவர் 'சின்னவர்' என்று தோன்றினால், சொல்லக் கூச்சமான அறிகுறியை, விட்டுவிட்ட மாத்திரையை, வீட்டில் குடித்த கஷாயத்தைப் பெரியவர் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நோயாளி ஒத்திவைக்கிறார். உடனே செய்ய வேண்டிய சோதனைக்குச் சம்மதம் தரத் தயங்குகிறார். நெஞ்சு வலியில் அந்தத் தாமதம் இதயத் தசையைப் பாதிக்கும். இளம் வயதுப் பெண் மருத்துவர்கள் இந்தச் சுமையை இரட்டிப்பாகச் சுமக்கிறார்கள்: தாம் செவிலியர் அல்ல என்பதை முதலில் விளக்கி, அதற்குப் பிறகே ஜூனியர் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியிருக்கிறது.

(காட்சி: திரையில் தேதி, 2024 செப்டம்பர் 18.)

அன்று முதல் பிரித்தானியாவில் 'ஜூனியர் டாக்டர்' என்ற பெயர் 'ரெசிடென்ட் டாக்டர்' என்று மாறியது. இங்கிலாந்தில் 2023 மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தங்களுக்குப் பின் எட்டப்பட்ட ஊதிய உடன்பாட்டின் ஒரு பகுதியாக இந்த மாற்றம் வந்தது. புதிய சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், வில்லியம் ஆஸ்லர் வகுத்த முறையில், பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி நோயாளிகளைக் கவனித்தார்கள். அப்படித் தங்கியவர்களே 'ரெசிடென்ட்'. தமிழ்நாட்டில் இன்றும் நாம் சொல்லும் 'ஹவுஸ் சர்ஜன்' என்பதிலும் அதே பொருள்தான் இருக்கிறது.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆயினும் அது பாதி வேலையை மட்டுமே செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'ஜூனியர்' மருத்துவரைச் சிறியவராகக் காட்டியது உண்மை. ஆனால் அவருக்கு மேலே ஒருவர் பொறுப்பில் இருக்கிறார் என்ற செய்தியும் அதில் இருந்தது. 'ரெசிடென்ட்' என்பதில் அந்தச் செய்தி இல்லை. முதல் வாரத்தில் இருப்பவரையும் பத்தாம் ஆண்டில் இருப்பவரையும் அதுவும் ஒரே பெயரால்தான் அழைக்கிறது. தமக்கு ஊசியோ குழாயோ செலுத்தப் போகிறவர் யார், அதை எத்தனை முறை செய்திருக்கிறார், அவரை மேற்பார்வையிடுபவர் யார் என்று அறிவது நோயாளியின் உரிமை. பயிற்சியில் இருப்பதை மறைத்துப் பெறும் நம்பிக்கை, உண்மை தெரிந்ததும் கோபமாகிவிடும்.

தகுதியைவிடப் பெரிதாக ஒலிக்கும் பெயர் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கும் பிரித்தானியாவிலேயே சான்று உண்டு. மருத்துவப் பட்டம் பெறாமல், பொதுவாக 2 ஆண்டு முதுநிலைப் பயிற்சி பெற்றுப் பணியாற்றும் 'பிசிஷியன் அசோசியேட்'களை மருத்துவர்கள் என்றே நோயாளிகள் பலர் எண்ணினார்கள். இது குறித்து ஆராய்ந்த பேராசிரியர் கில்லியன் லெங், 2025 ஜூலையில் வெளியான அறிக்கையில், அந்தப் பெயரை 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' என்று மாற்றப் பரிந்துரைத்தார். 'அசோசியேட்' என்பது 'அசிஸ்டென்ட்' ஆவதில் நோயாளியின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது என்றால், பதவிப் பெயரை வெறும் அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

நம் தமிழிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. 'பயிற்சி மருத்துவர்' என்று செய்திகள் எழுதும்போது, எம்.பி.பி.எஸ். படிப்பின் நிறைவாக ஓராண்டுப் பணியில் இருப்பவரா, பட்டம் பெற்று எம்.டி. அல்லது எம்.எஸ். படித்துக்கொண்டே வார்டைக் கவனிப்பவரா என்று வாசகருக்குத் தெரிவதில்லை. பின்னவரை 'முதுநிலை மாணவர்' என்றும் குறிப்பிடுகிறோம்; கட்டிலில் படுத்திருப்பவரின் காதில் 'மாணவர்' மட்டுமே விழும்.

(காட்சி: துணியாலான அறுவை அரங்குத் தொப்பி, அதன் நெற்றிப் பகுதியில் ஒரு பெயர், அதன் கீழே ஒரு பணி.)

பெயரோடு ஒரு வாக்கியத்தையும் சேர்க்க வேண்டும் என்பதை உணர்த்தியவர் கேட் கிரேஞ்சர். முதியோர் மருத்துவரான அவர், 2013-இல் தாமே புற்றுநோயாளியாகப் படுத்திருந்தபோது, தம்மைக் கவனிக்க வந்தவர்களில் பலர் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கண்டு, 'வணக்கம், என் பெயர்' என்று தொடங்கிப் பேசும் இயக்கத்தை உருவாக்கினார். 2016-இல் அவர் மறைந்தார், இயக்கம் நிற்கவில்லை. 2017-இல் சிட்னியின் மயக்கவியல் மருத்துவர் ராப் ஹேக்கெட் தம் தொப்பியிலேயே பெயரையும் பணியையும் எழுதிக்கொண்டு அறுவை அரங்குக்குள் சென்றார். அந்த வழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது.

அந்த வார்டுக்குத் திரும்புவோம். அதே கட்டில், அதே அம்மம்மா. இம்முறை மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்கிறார்: "என் பெயர் சாரா. நான் மருத்துவராகி 7 ஆண்டுகள் ஆகின்றன. இதய நோய்த் துறையில் சிறப்புப் பயிற்சி பெறுகிறேன். இன்று இரவு இந்த வார்டு என் பொறுப்பு. என் மேலதிகாரி தொலைபேசியில் கிடைப்பார், தேவைப்பட்டால் வருவார்."

பேத்தி ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்கிறாள். இம்முறை 'சின்ன' என்ற சொல் அவளுக்குத் தேவைப்படவில்லை. அம்மம்மா கடைசி வாக்கியம் வரை கேட்டுவிட்டு, மருத்துவரை நேராகப் பார்த்துக் கேட்கிறார்:

"அப்ப விடியும்வரைக்கும் நீங்கள் இஞ்சதானே நிப்பீங்கள்?"

பேத்தி மொழிபெயர்க்கிறாள். மருத்துவர் தலையசைக்கிறார். அம்மம்மா கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, வலி எப்போது தொடங்கியது என்று சொல்லத் தொடங்குகிறார்.