இரண்டு தாள், ஒரு வேட்பாளர்

(வெள்ளவத்தையில் நடந்த வாக்காளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைமாரே, வணக்கம்.

இந்த மழையிலும் வந்திருக்கிறீர்கள், நன்றி. என் கையில் இருக்கும் இரண்டு தாள்களையும் முதலில் காட்டிவிடுகிறேன். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? சரி.

இது தமிழ்த் துண்டுப்பிரசுரம். போன கிழமை எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக் கேற்றிலும் செருகிவிட்டுப் போனார்கள். மற்றது சிங்களம். என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் மஹரகமவில் இருக்கிறார், அவருடைய வீட்டுக்கு வந்தது. மாகாண சபைத் தேர்தலுக்கு இன்னும் திகதி குறிக்கவில்லை. அதற்குள் பிரசுரம் வந்துவிட்டது. இரண்டு தாளிலும் ஒரே ஆள், ஒரே படம், ஒரே சிரிப்பு. தமிழ்த் தாளின் நான்காவது வரி, காணி, பொலிஸ் அதிகாரங்களோடு, மாகாண சபைகளுக்கு வழிசெய்த யாப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தப் பாடுபடுவேன் என்கிறது. சிங்களத் தாளிலும் அதே நான்காவது வரியைப் பாருங்கள். பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்குப் போக ஒருநாளும் விடமாட்டேன் என்கிறது. தமிழில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்படும். சிங்களத்தில் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, தேசிய பாதுகாப்புக்கு இன்னும் கடுமையான சட்டம் வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது.

நுகேகொடையைத் தாண்டினால் மஹரகம. இரண்டு ஊரும் ஒரே கொழும்பு மாவட்டம். இந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் ஒரு மனிதருடைய கொள்கை தலைகீழாகிவிடுகிறது.

அவருடைய பெயரை நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் நாளைக்கு வாக்குவாதம் எல்லாம் பெயரைப் பற்றியதாகிவிடும், நான்காவது வரியை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

மனம் மாறுவது குற்றமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நேற்று ஒன்றை நம்பினேன், இன்றைக்கு இந்தக் காரணத்தால் வேறொன்றை நம்புகிறேன் என்று மேடையேறிச் சொல்கிறவரை நான் மதிப்பேன். அவருக்கு வாக்குப் போடாமல் விட்டாலும் மதிப்பேன். காரணம் சொல்லாமல் மாறுகிறவரால்தான் நாடு அடிபட்டிருக்கிறது.

கொல்வின் ஆர். டி சில்வாவை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று எச்சரித்தவர். அந்த ஒரு வசனத்துக்காக எத்தனை தமிழ் வீடுகளில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்! பத்து வருடம் போனது. 1966 ஜனவரியில், டட்லி சேனநாயக்க அரசாங்கம் அரச கருமங்களில் தமிழுக்கு இடம் கொடுக்கும் தமிழ்மொழி விதிகளைக் கொண்டுவந்தபோது அதை எதிர்த்துத் தெருவில் இறங்கிய கட்சிகளில் கொல்வினுடைய இடதுசாரிச் சமசமாஜக் கட்சியும் ஒன்று. பிறகு 1972. குடியரசு யாப்பை வரையும் பொறுப்பு அதே கொல்வினிடம் இருந்தது. சிங்களம் அரசகரும மொழி என்பது யாப்புக்குள்ளேயே ஏறியது. ஒற்றையாட்சி என்று எழுதப்பட்டது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. சுதந்திர காலத்துச் சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு காணாமல் போனது. தமிழரசுக் கட்சி கொண்டுபோன யோசனைகள் தள்ளப்பட்டு, அவர்கள் அதற்கு முந்திய வருடமே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தார்கள்.

கொல்வின் அறிவில் குறைந்தவர் இல்லை. அன்றைய நாடாளுமன்றத்தில் அவரைப் போலப் பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. தெரியாமல் தவறியவரை மன்னிக்கலாம். என்ன நடக்கும் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அது நடப்பதற்குப் பேனா பிடித்துக் கொடுத்தால் என்ன செய்வது?

ஆட்சி அதிகாரத்தை ஜனாதிபதி ஒருவரிடமே குவிக்கும் நிறைவேற்று ஜனாதிபதி முறையின் கதை உங்களுக்கு மனப்பாடம். 1994இல் சந்திரிகா குமாரதுங்க, 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பேன் என்று நாள் குறித்துக் கொடுத்தார். 2005இல் மஹிந்த ராஜபக்சவும் ஒழிப்பதாகச் சொல்லி வந்தார், 2010இல் பதினெட்டாவது திருத்தத்தால் இரண்டு தவணை என்ற எல்லையையே எடுத்துவிட்டார். 2015இல் மைத்திரிபால சிறிசேன. ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த பத்தொன்பதாவது திருத்தத்தைக் கொண்டுவந்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதே ஆள் 2018 நவம்பரில் அந்தத் திருத்தத்தை மீறி நாடாளுமன்றத்தைக் கலைத்தார். உயர் நீதிமன்றம் டிசம்பரில் அது யாப்புக்கு விரோதம் என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பிரச்சினை அடங்கியது.

இதெல்லாம் கொழும்பிலிருக்கும் நமக்கு எதற்கு, வடக்குக் கிழக்கின் பிரச்சினைதானே என்று ஒரு தம்பி வாசலில் வைத்துக் கேட்டார். தம்பி, உங்களுக்கு வயது குறைவு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் இந்த வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கு அனுப்பினார்கள். 300க்கும் மேற்பட்டவர்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்த பிள்ளைகள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அன்றைய பிரதமரே வருத்தம் தெரிவித்தார். காரியத்தைச் செய்தது பொலிஸ். பொலிஸ் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற கேள்வி.

அந்தக் காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் பொலிஸ் பதிவுப் படிவம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. முழுக்கச் சிங்களம். நிரப்பிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். அம்மா பேனையைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்தார். "என்ன தம்பி எழுதியிருக்கினம்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரிக்கு வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர் கையை நீட்டிப் படிவத்தை இழுத்தார், நேரமில்லை என்றார். அம்மா அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். கடைசி வரியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவும் இப்போது இல்லை.

பதின்மூன்றாவது திருத்தம் 1987 நவம்பரில் நிறைவேறியது. அதன் ஒன்பதாவது அட்டவணையில், மாகாணத்துக்கென ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபரை முதலமைச்சரின் இணக்கத்தோடு நியமிக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பொலிஸ் அதிகாரம் நாட்டில் எந்த மாகாணத்துக்கும் இதுவரை கிடைக்கவில்லை. கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் இதைத் தமிழில் வேண்டும் என்றும் சிங்களத்தில் வேண்டாம் என்றும் எழுதினால், நம் வீட்டுக்குள் வந்த பயத்தை வாக்காக மாற்றிக்கொண்டு போகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மொழிக்கு மொழி சொல் வேறுபடுவது புதிதில்லை, 2017இல் புதிய யாப்புக்கான இடைக்கால அறிக்கையே ஒற்றையாட்சியைக் குறிக்கும் சிங்களச் சொல்லால் "ஏக்கிய ராஜ்ய" என்றும் தமிழில் "ஒருமித்த நாடு" என்றும் எழுதியதே என்று ஒரு நண்பர் வாதாடினார். நல்ல வாதம். அந்த அறிக்கையோடு எனக்கும் சண்டை உண்டு. ஒற்றையாட்சி என்ற பழைய சொல் இருக்க ஏன் புதுச்சொல் என்று தமிழர்களும் கேட்டார்கள், சிங்களவர்களும் சந்தேகப்பட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அறிக்கை இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. பிரிக்கப்படாத, பிரிக்க முடியாத நாடு என்று விளக்கமும் கொடுத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்துத் திட்டலாம், திட்டினார்கள். இந்த வேட்பாளருடைய இரண்டு தாளும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது என்ற நம்பிக்கையில் அச்சடிக்கப்பட்டவை.

அப்புறம் மாகாண சபைத் தேர்தல். மேல் மாகாணத்தில் நாம் கடைசியாக அதற்கு வாக்குப் போட்டது 2014 மார்ச்சில். 2019இல் சபையின் ஆயுள் முடிந்தது, அன்றிலிருந்து ஆளுநர்தான். 2018 ஆகஸ்டில், புதிய முறையில் தேர்தல் வைக்கத் தேவையான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றும் இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அதற்குப் பிறகு எந்த மேடையில் ஏறினாலும், தேர்தலை உடனே வை என்று எல்லாக் கட்சியும் கத்துகிறது. நம் வேட்பாளரும் கத்துகிறார். அவருடைய கட்சி அன்றைக்கு எந்தப் பக்கம் கை தூக்கியது என்று அவரிடம் கேட்க வேண்டும்.

இந்தத் தொகுதியில் சிங்கள வாக்கும் இல்லாமல் வெல்ல முடியாது, மனிதர் வேறென்ன செய்வார் என்பீர்கள். மஹரகம நண்பருடைய கதையைச் சொல்கிறேன். சிங்களத் தாளை அவர் தந்த அன்று நான் தமிழ்த் தாளைக் காட்டினேன். கன்டீனில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தோம். நான்காவது வரியை மொழிபெயர்த்துச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அவர் பொலிஸ் அதிகாரத்தை மாகாணத்துக்குக் கொடுப்பதை விரும்பாதவர். நாங்கள் இருவரும் இதைப்பற்றிப் பல வருடமாக வாதாடியிருக்கிறோம், ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. அன்றைக்கு அவர் கேட்டது ஒரே கேள்வி: "மச்சான், இவன் என்னை ஏமாற்றுகிறானா, உன்னையா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் இரண்டு பேரில் ஒருவரை ஏமாற்றப்போகிறார். பெரும்பாலும் இரண்டு பேரையும்தான். பொலிஸ் அதிகாரம் ஏன் தேவை என்று மஹரகமவில் நின்று சிங்களத்தில் சொல்கிற ஒருவர் வந்தால், என் நண்பர் அவருக்கு வாக்குப் போடமாட்டார், ஆனால் உட்கார்ந்து கேட்பார். கேட்டுக் கேட்டு ஒருநாள் மாறவும் கூடும். அந்தக் கதையை அவரிடம் தொடங்குவதற்கு இந்த வேட்பாளர் ஒருநாளும் தயாரில்லை.

கொழும்புத் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மில் பலருக்கு இரண்டு மொழியும் ஓடும். பஸ்ஸில் ஒன்று, வீட்டில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவினருக்கும் மொனராகலையில் இருக்கும் சிங்களவருக்கும் கிடைக்காத வசதி இது. இரண்டு தாளையும் ஒரே மேசையில் விரித்து வாசிக்க நம்மால் முடியும்.

வருகிற ஞாயிறு மாலை அவர் இதே மண்டபத்துக்குப் பேச வருகிறார். வாருங்கள். கூச்சல் போட வேண்டாம், கதிரையைத் தூக்க வேண்டாம். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, ஐயா, இந்த இரண்டு நான்காவது வரியையும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேட்டால் போதும். முதலில் தமிழ்த் தாள், பிறகு சிங்களத் தாள். என் நண்பரும் மஹரகமவிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு முன்வரிசையில் ஒரு இடம் விட்டுவையுங்கள்.

வாசல் மேசையில் இரண்டு தாளையும் சேர்த்துக் கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு எடுங்கள். ஒன்று உங்களுக்கு. மற்றதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய், கடைசி வரி வரைக்கும் வாசித்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.