மரக் கிடாரை விற்கலாமா?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். தூத்துக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆலயப் பாடகர் குழுவில் கிடார் வாசித்து வருகிறேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக என்னைச் சந்திக்கும் இளைஞர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ‘நீங்கள் கார்பன் ஃபைபர் கிடாருக்கு மாறிவிட்டீர்களே, வீட்டில் இருக்கும் மரக் கிடார்களை விற்றுவிடுவீர்களா?’ என்பதே அந்தக் கேள்வி. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு இயலவில்லை. அதனால்தான் இந்த உரைக்கு அழைப்பு வந்தபோது இதையே பேசுவது என்று முடிவு செய்தேன்.

என்னிடம் மூன்று மரக் கிடார்கள் இருந்தன. முதலாவது, கல்லூரி நாட்களில் வாங்கிய ஒட்டுப்பலகைக் கிடார். இரண்டாவது, முகப்புப் பலகை மட்டும் ஒட்டுப்பலகையாக இல்லாமல், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் இழைத்ததாக அமைந்த நடுத்தர விலைக் கிடார். மூன்றாவது, பல ஆண்டுச் சேமிப்பில் வாங்கியது. முகப்பு ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் ஈட்டி மரம், ஒட்டுப்பலகை என்பது எங்கும் இல்லை. இந்த மூன்றும் மூன்று விதமான பிள்ளைகள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பதா வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது.

மரத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள உறவை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கதவு நிலையோடு இறுகிக்கொள்கிறது. சித்திரையில் அதே கதவு தளர்ந்து ஆடுகிறது. கிடாரின் முகப்புப் பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உள்ளது. ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு நிகரான விசையோடு அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த மெல்லிய பலகை மழைக்கால ஈரத்தைக் குடித்து, மர இழையின் குறுக்குவாட்டில் உப்பி மேலெழும்பும்போது, அதன்மேல் அமர்ந்து கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் எழும்புகிறது, கம்பிகள் விரல்பலகையிலிருந்து உயர்ந்துவிடுகின்றன, பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் கார்டு, நேற்று எளிதாகப் பிடித்தது, இன்று விரலை அறுக்கிறது. குளிரூட்டிய அறையில் பல நாட்கள் வைத்தாலோ இதற்கு நேர்மாறு: பலகை சுருங்குகிறது, விரல்பலகையில் குறுக்கே பதித்த பிரெட் கம்பிகளின் முனைகள் விளிம்பில் துருத்துகின்றன, இன்னும் உலர்ந்தால் வெடிப்பு விழுகிறது. கிடார் செய்பவர்கள் அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். என் வீட்டு ஈரப்பதமானி மழைக்காலத்தில் 80ஐத் தாண்டி நிற்கும்.

இது கிடாருக்கு மட்டும் உரிய துன்பம் என்று நினைக்க வேண்டாம். பலா மரத்தில் குடைந்த தஞ்சாவூர் வீணையில் மெழுகின்மேல் பதித்த மெட்டுகள் வெயிலில் இளகி நகர்ந்துவிட்டால், தேர்ந்த கையால் மீண்டும் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்பப் பதிக்க, வேண்டியிருக்கிறது. மிருதங்கக் கலைஞர்கள் மழை நாளில் விளிம்புப் பின்னலைத் தட்டித் தட்டிச் சுருதியைப் பிடிப்பதை மேடையிலேயே பார்த்திருப்பீர்கள். மரமும் தோலும் மெழுகும் காற்றோடு பேசிக்கொண்டே இருப்பவை, அந்தப் பேச்சைக் கேட்டுப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இதை இந்த உரையில் மறுபடியும் சொல்வேன், ஏனென்றால் என் முடிவு முழுவதும் இந்த ஒன்றின்மேல்தான் நிற்கிறது.

இனி 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துக்கு வருகிறேன். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனையிலேயே மழை கடுமையாக இருந்தது. அந்த வாரம் கிறிஸ்துமஸ் கேரல் பவனிக்கு நாள் குறித்திருந்ததால், பயிற்சிக்காக ஈட்டிமரக் கிடாரை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தேன். கெட்டியான பெட்டிக்குள், கட்டிலுக்கு அடியில். அதைவிடப் பாதுகாப்பான இடம் வீட்டில் இல்லை என்று நம்பினேன். ஒட்டுப்பலகைக் கிடார் பரணில் கிடந்தது, இரண்டாவது கிடார் சுவரில் தொங்கியது. அன்று தொடங்கி மறுநாள் வரை பெய்த மழையில், எங்களுக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. நள்ளிரவுக்குப் பின் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. முதியவர்களை மாடிக்கு ஏற்றினோம், அரிசியையும் ஆவணங்களையும் ஏற்றினோம், மருந்துகளைத் தேடினோம். கிடார் என்ற ஒன்று அப்போது நினைவிலேயே இல்லை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

விடிந்து கீழே இறங்கிப் பார்த்தபோது, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி மிதந்து போய் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றது. திறந்தேன். உள்ளே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கிடாரின் அடிப்பகுதியில் முதுகுப் பலகை பக்கப் பலகையிலிருந்து சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. உள்ளே கையை விட்டுத் தட்டியபோது, பலகையைத் தாங்கும் ஒரு விட்டம் பசை விட்டு ஆடியது. பரணில் இருந்ததற்கும் சுவரில் இருந்ததற்கும் ஒரு சேதமும் இல்லை.

வெள்ளத்தில் நனைந்த மர வாத்தியம் உங்கள் வீட்டில் இருந்தால் வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் மொட்டைமாடியில் காயவைக்கத்தான் சொன்னார்கள், அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் வேகமாக உலரும் மரம் ஒருபுறம் சுருங்க மறுபுறம் ஈரமாகவே இருந்து, பிளந்துபோகும். நான் கம்பிகளை முழுவதும் தளர்த்தினேன், பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தேன், நிழலான அறையில் பெட்டிக்கு வெளியே மூன்று வாரம் கிடத்தி வைத்தேன். பிறகு சென்னையில் ஒரு தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்தேன். அவர் பசையிட்டு, இறுக்கி, விட்டத்தைப் பொருத்தித் தர நான்கு மாதங்கள் ஆயின. தட்டிப் பார்த்தால் பழைய ஒலியே வந்தது. அந்த மனிதரின் கைகளுக்கு என்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

அந்த நான்கு மாத இடைவெளியில்தான் கார்பன் ஃபைபர் கிடார் வீட்டுக்கு வந்தது. கார்பன் இழைகளால் ஆன துணியை அச்சில் விரித்து, எபாக்ஸிப் பிசினோடு சேர்த்து இறுகச் செய்யும் முறையில் இது உருவாகிறது. காற்றின் ஈரத்தை மரம் குடிப்பதுபோல் இது குடிப்பதில்லை, ஆகவே உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. மரமல்லாத கிடார் என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் தயாரித்துவந்த சார்லஸ் கேமன், 1960களில் ஓவேஷன் என்ற பெயரில், முதுகுப்புறத்தைக் கண்ணாடி இழையாலான கிண்ண வடிவில் செய்தார். முகப்பை மட்டும் ஸ்ப்ரூஸ் மரமாகவே விட்டார். முகப்பு உட்பட முழுவதும் கார்பனாலான கிடார்களை, 1990களில் ஹவாய்த் தீவுகளில் தொடங்கிய ரெயின்சாங் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மழைப்பாட்டு என்று பொருள்படும் அந்தப் பெயரை, கடலோரத்தில் வாழும் என்னைப் போன்ற ஒருவர் விளக்கமில்லாமலே புரிந்துகொள்வார்.

அடுத்த டிசம்பரில் அந்தக் கிடாரோடு தூறலில் வீடு வீடாகப் பவனி சென்றோம். பின்னிரவில் கடைசி வீட்டில் பாடியபோதும் கம்பிகளின் உயரம் முதல் வீட்டில் இருந்ததுபோலவே இருந்தது. கம்பிகள் எஃகுதான், ஆகவே வெப்பத்தில் சுருதி இறங்கத்தான் செய்கிறது, கடற்காற்றில் துருவும் ஏறத்தான் செய்கிறது. ஆனால் உடல் மாறுவதில்லை. இந்த நிம்மதிக்குப் பழகிய பிறகு நடந்ததை உண்மையாகச் சொல்ல வேண்டும். பழுது நீங்கித் திரும்பிய ஈட்டிமரக் கிடாரின் பெட்டியை நான் பதினான்கு மாதங்களில் ஐந்து முறைதான் திறந்தேன். அதில் மூன்று முறை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றுவதற்காகத் திறந்தது.

அப்படியென்றால் ஒலியில் கார்பன் வென்றுவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை என்பதே என் செவியின் தீர்ப்பு. ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகப்புப் பலகைதான். இதை மெய்ப்பிக்கவே ஸ்பெயின் நாட்டின் அந்தோனியோ தெ தோரஸ், 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழால் செய்து, முகப்பை மட்டும் மரத்தில் அமைத்து ஒரு கிடாரை உருவாக்கினார். அது இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகு, பக்க மரத்தில் மட்டும் வேறுபட்ட ஆறு கிடார்களை, பார்வை தெரியாதபடி கண்ணாடி அணிவித்து 52 கிடார் கலைஞர்களிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், விலை உயர்ந்த அரிய மரத்துக்கும் எளிய மரத்துக்கும் கலைஞர்கள் ஏறக்குறைய ஒரே மதிப்பைத்தான் தந்திருந்தார்கள். ஆனால் கார்பன் கிடாரில் முகப்பே மாறிவிடுகிறது. அதன் குரல் தெளிவானது, நீண்டு நிற்பது, ஆறு கம்பிகளிலும் சீரானது. ஸ்ப்ரூஸ் முகப்பிலோ ஒவ்வொரு சுரமும் சற்றே வேறு நிறத்தில் எழுந்து சற்றே வேறு விதமாக அடங்குகிறது. அது இன்றும் எனக்குப் பிடிக்கிறது. ஆகவே ஒலியை ஒப்பிட்டு மட்டும் முடிவெடுக்க முயன்றால் எந்நாளும் முடிவு வராது. நான் ஓராண்டு முயன்று பார்த்தவன்.

ஈட்டி மரத்தின்மேல் உள்ள பற்றும் என்னைத் தடுத்தது. ஈட்டியின் உறவு மரமான பிரேசில் நாட்டு ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் மரம் உலகின் கிடார்களுக்கெல்லாம் முதுகானது. 2017இல் ஈட்டி அடங்கிய மரப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, இனி இதன் விலை ஏறிக்கொண்டே போகும், விற்றுவிடாதே என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. விலை ஏறட்டும் என்று இருட்டில் பூட்டிவைக்கும் எண்ணம் எனக்கு எப்போதும் ஏற்புடையதாக இருந்ததில்லை.

என் மனத்தைத் தெளிவித்தது என் தகப்பனார் மாடு விற்ற ஒரு நாளின் நினைவு. முதுமையில் அவரால் கறவையைப் பார்த்துக்கொள்ள இயலாமல் போனபோது, வாங்க வந்தவரிடம் விலையைக் கேட்பதற்கு முன், தொழுவத்துக்குக் கூரை இருக்கிறதா, காலையில் யார் தீவனம் வைப்பார் என்று கேட்டார். மாட்டை ஒப்படைத்தபோது வழக்கப்படி கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டார். மரக் கிடாரும் அப்படித்தான். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நான் இல்லாமல் போய்விட்டேன். எனவே, நாள்தோறும் வாசிக்கிற, மதுரையைச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியைக்கு ஈட்டிமரக் கிடாரை விற்றேன். வெள்ளத்தில் நனைந்ததையும், எங்கெங்கே ஒட்டப்பட்டது என்பதையும் சிறு விளக்கு ஒன்றை உள்ளே செலுத்திக் காட்டினேன், அதற்கேற்ப விலையையும் குறைத்தேன். தோள்வாரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்.

ஒட்டுப்பலகைக் கிடாரை விற்கவில்லை. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை ஈரத்துக்கு அவ்வளவாக அசைவதில்லை, அது என்னிடம் எதையும் கேட்பதுமில்லை. விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. குழுவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதில்தான் முதல் கார்டைப் பிடிக்கிறார்கள்.

நேரம் முடியப்போவதாகச் சைகை வருகிறது. விற்கும் முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், இனிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். புதிய கிடார் வந்த உடனே பழையதை விற்காதீர்கள். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் கடந்து, எந்தப் பெட்டியை உங்கள் கை தானாகத் திறக்கிறது என்று பாருங்கள். அனுப்புவதற்கு முன் கம்பிகளைத் தளர்த்துங்கள். இயன்றால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவைக்காதீர்கள், பிரிட்ஜின் பசை இளகிவிடும். ஈரம் ஏறிய பலகை கனத்து, ஒலி மந்தமாகும் என்பதால், மழைக்காலத்தில் எந்த மரக் கிடாரின் தரத்தையும் மதிப்பிடாதீர்கள். சுவரில் தொங்கும் என்னுடைய இரண்டாவது கிடாரைப் பற்றி நானும் அதனால்தான் இன்னும் முடிவெடுக்கவில்லை. தை மாதத்தில் காற்று உலர்ந்த பிறகு ஒரு வாரம் அதை மட்டுமே வாசித்துப் பார்க்கப் போகிறேன். வணக்கம்.