மலை பச்சையாக இருந்தால் போதுமா?

(உதகையில் கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

நீலகிரியில் மண் அரிப்பு என்றதும் நிலச்சரிவுதான் நினைவுக்கு வரும். 2009 நவம்பரில் சரிந்த சாலைகள், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. அதெல்லாம் செய்தித்தாளில் வந்துவிடும். மேய்ச்சல் நிலத்தில் வருஷா வருஷம் ஒரு தாள் கனத்துக்குக் கழுவிக்கொண்டு போகும் மண்ணைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கீழே இன்னும் மண் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் மட்கிப்போன இலைதழையின் சத்தும் புல் விதையும் மேலேயுள்ள சில அங்குலத்தில்தான் அதிகம். முதலில் போவதும் அதுதான். அடிமண் மழைத்துளி பட்டதும் மேலே இறுகிக்கொள்ளும்; தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடிவிடும். அதே மழைதான், ஆனால் புல் சீக்கிரமே காய்ந்துபோகும். மாடு மிச்சமிருக்கும் புல்லை அடிவரை கடிக்கும். இன்னும் கொஞ்சம் மண் வெளியே தெரியும். அப்புறம் மாடு வாய் வைக்காத பெரணியும் சீகை (வாட்டில்) மரக் கன்றும் ஏறிவிடும். சாலையில் போகிறவருக்கு மலை பச்சையாகத்தான் தெரியும். பால் குறைவது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

இங்கே இன்னொரு வில்லங்கம் உறைபனி. டிசம்பர், ஜனவரியில் புல் கருகும். வெற்று மண்ணுக்குள் ஈரம் உறைந்து விரியும்போது மண் பொலபொலவென்று மேலே எழும்பும். கோடை மழையின் முதல் வேகத்தில் அது அப்படியே ஓடைக்குப் போய்விடும்.

சரி, மரம் நட்டால் தீருமா? இந்த இடத்தில்தான் எனக்கு மாறுபாடு. சீகையும் கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் கொண்டுவந்தவை. அவை பரவிய இடங்களில் புல்வெளிதான் சுருங்கியது. சோலையை ஒட்டிய நம் புல்வெளி, மரம் வெட்டியதால் வெறிச்சோடிய இடம் அல்ல. அது ஆதியிலேயே புல்வெளி. சரிவில் மண்ணைப் பிடிக்க அந்தப் புல்லின் நெருக்கமான சல்லிவேரே போதும்.

மேய்ச்சலையும் குற்றவாளி ஆக்க மாட்டேன். தோடர்களின் எருமைகள் பல நூற்றாண்டுகள் இங்கே மேய்ந்திருக்கின்றன. பருவத்துக்கு ஏற்றபடி மந்து, அதாவது தங்கள் குடியிருப்பு, மாறினார்கள். புல்லுக்கு ஓய்வு கிடைத்தது. இன்று இடம் குறுகிவிட்டது, அந்த வழக்கம் அப்படியே திரும்பாது. ஆனாலும் இருக்கிற நிலத்தை இரண்டு மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியை மழைக்காலத்தில் மேய்க்காமல் விடலாம்.

முக்கியமாக, மாடு தண்ணீருக்கு இறங்கும் தடத்தைப் பாருங்கள். நேராக இறங்கும் தடத்தில்தான் மழைநீர் வேகம் பிடித்துப் பள்ளம் பறிக்கும். தடத்தைச் சரிவுக்குக் குறுக்கே, சாய்வாக மாற்றுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் அது தொடங்கும் மேல்முனையிலிருந்தே சிறு கல்லடுக்குகள் போட்டு வாருங்கள். கீழே மட்டும் பெரிதாக ஒன்று கட்டினால் முதல் பெருமழை உடைத்துவிடும். கணுக்கால் ஆழப் பள்ளத்தை வீட்டு ஆட்களே அடைக்கலாம். ஆள் ஆழத்துக்குப் போய்விட்டால் மனு எழுத வேண்டியதுதான்.

உங்கள் ஊரில் எந்தத் தடம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்லுங்கள், அதிலிருந்தே பேசுவோம்.