மஞ்சப் பெட்டியும் சாம்பார் வாளியும்

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம். போட்டோத் தொழிலைக் கத்துக்கிட்டுப் பிழைக்கச் சிறந்தது பிலிம் காலமா, டிஜிட்டல் காலமா? நான் பிலிம் கட்சி.

எதிரணித் தம்பி, "அண்ணாச்சிமார் பிலிம் கழுவுத இருட்டறையில கிடந்தாங்க, நாங்கதான் தொழிலை வெளிச்சத்துக்குக் கொண்டாந்தோம்"னாரு. நீங்களும் கைதட்டுனீங்க. தம்பி, உங்க டிஜிட்டல் கேமரா எங்க பிறந்துச்சு? 1975-ல, கோடாக் பிலிம் கம்பெனிக்குள்ள! அங்க வேலை பார்த்த ஸ்டீவன் சாசன் செஞ்சது. ஒரு படம் கேசட்டுல பதிய 23 செகண்ட். எங்க வீட்டுப் பிள்ளைதாம்வே நீரு! 2012-ல அந்தக் கம்பெனி மஞ்சக் கடுதாசி கொடுத்துச்சு. பிலிம் பெட்டியும் மஞ்சள், கடுதாசியும் மஞ்சள்! பெத்த வீட்டை நடுத்தெருவுல விட்டுட்டு இருட்டறையைக் கேலி பண்ணுதியளே!

அம்பாசமுத்திரத்துல ஒரு கல்யாணம். நான் எடுபிடி. "ஏலே, தாலிகட்டை நீ எடு"ன்னு ஆசான் கேமராவைக் கொடுத்துட்டாரு. 36 படம் விழுத ரோலை மாட்டி எடுக்கேன். 34, 35, 36. பிலிமை நகத்துத லிவர் முட்டி நிக்கணும்லா? நிக்கலை. 37. சரி, ஒண்ணு கூட வரும். 38. கைராசி! 40! கையில இருக்கது கேமராவா, அட்சய பாத்திரமா?

ஆசான் வந்து பார்த்தாரு. "பிலிம் சுத்துத குமிழ் திரும்புச்சாலே?" திரும்பலை. பிலிம் நாக்கு கேமராவுக்குள்ள இருக்க பல்லுல மாட்டவே இல்லை. 40 அமுக்கு, ஒரு படம் விழலை. இன்னொரு தடவை சொல்லுதேன், 40!

"போய்ப் பொண்ணோட அப்பாகிட்ட நீயே சொல்லு"ன்னுட்டாரு. அவரு பந்தியில சாம்பார் வாளியோட நிக்காரு. சொன்னேன். அடிக்கலை. வாளியைக் கீழ வச்சாரு. மேடைக்கு வந்து, "மாப்ளே, முடிச்சுல கையை மட்டும் வைங்க"ன்னாரு. மறுபடியும் கெட்டிமேளம்! முகூர்த்தத்துல கூட்டத்துக்குப் பின்னால நின்ன மனுசன், இப்ப மக பக்கத்துல நின்னாரு. தோள்ல சாம்பார்த் துண்டு.

டிஜிட்டல்ல இந்தத் தப்பு அப்பவே தெரிஞ்சிருக்கும். உண்மைதான். நடுவரே, அதைக் குறிச்சுக்கிட வேண்டாம்.

நாலு வருசம் கழிச்சு அந்தப் பொண்ணு கடைக்கு வந்துச்சு. அப்பா தவறிட்டாரு, 45 வயசு. வீட்டுல இருந்த படத்தைச் கரையான் அரிச்சுட்டு. கவரைத் தேடி நெகட்டிவை எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளை பிலிம். ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிச்சுப் பார்த்துச்சு. நெகட்டிவ்ல கறுப்பு முடி வெள்ளையாத் தெரியும்லா? ரொம்ப நேரம் கையை இறக்கலை.

"அண்ணே, அப்பாவுக்குத் தலை நரைச்சா இப்படித்தான் இருந்திருக்கும், என்ன?"ன்னுச்சு.

மணி அடிச்சிட்டிய, நடுவரே. உக்காருதேன்.