ஹாரிசன் ஃபோர்டின் விமானத்தை இறக்கிய சின்ன கார்பரேட்டர் ஜெட்

வணக்கம் நண்பர்களே. திரையில் தெரிகிறதே, கால்ஃப் மைதானத்துப் புல்லில் நொறுங்கிக் கிடக்கிற குட்டி விமானம், அதை ஓட்டியது ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு. 2015 மார்ச் 5, கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா. அப்போது அவருக்கு வயது 72. விமானத்தில் அவர் மட்டும்தான்.

செய்திகளில் எல்லாம் நடிகரைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த எஞ்சினைப் பற்றித்தான் பேச வேண்டும்.

விமானம் ரையன் பிடி-22. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த ரகம். திறந்த காக்பிட், முன்னால் ஐந்து சிலிண்டர் கின்னர் எஞ்சின். ஓடுபாதையை விட்டு எழும்பி, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சக்தி போய்விட்டது. உடனே திரும்பி வருகிறேன் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

கொஞ்ச தூரத்திலேயே, ஓடுபாதை வரை எட்டாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் உயிரை விடுகிறார்கள். எப்படியாவது எட்டிவிடலாம் என்று மூக்கைத் தூக்குவார்கள், வேகம் குறையும், இறக்கை தாங்காது, அப்படியே விழும். ஃபோர்டு அதைச் செய்யவில்லை. ஓடுபாதையை விட்டுவிட்டு, எதிரில் தெரிந்த பென்மார் கால்ஃப் மைதானத்தைப் பார்த்து இறக்கினார். வழியில் ஒரு மரத்தின் உச்சியில் இடித்து, தரையில் மோதியது. பலத்த காயம், ஆனால் உயிர் பிழைத்தார்.

சரி, எஞ்சின் ஏன் நின்றது? பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்பரேட்டர். அதில் மெயின் ஜெட் என்று ஒன்று உண்டு. பழைய பைக்கைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நடுவில் துளை போட்ட ஒரு சின்னத் திருகாணி மாதிரி இருக்கும். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அந்தத் துளைதான் அளந்து விடும். இந்த விமானத்தில் அந்த ஜெட் திருகு கழன்று, தன் இடத்தை விட்டு வெளியே வந்திருந்தது. அளவே இல்லாமல் பெட்ரோல் பாய்ந்தால், காற்றோடு சேர வேண்டிய விகிதம் கெட்டு எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். டேங்கில் பெட்ரோல் இருந்து என்ன பயன்?

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அதாவது என்டிஎஸ்பி, விசாரித்துக் கண்டுபிடித்தது இது. அந்தக் கார்பரேட்டரை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்ற போதுமான வழிமுறையே இல்லாததும் விபத்துக்கு ஒரு காரணம் என்று எழுதினார்கள். எனக்குக் கோபம் வந்தது இந்த வரியைப் படித்தபோதுதான். பறப்பதற்கு முன்னால் விமானி சுற்றி வந்து பார்ப்பார், எண்ணெய் பார்ப்பார், பெட்ரோல் பார்ப்பார். கார்பரேட்டருக்குள் இருக்கிற ஜெட்டை அவர் எப்படிப் பார்ப்பார்? அதைத் திறந்து பார் என்று பழுதுபார்ப்பவருக்கு ஒரு தாள் சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தத் தோள் பட்டை, அதாவது விமானியின் தோளைச் சீட்டோடு பிடித்துக்கொள்ளும் பெல்ட். அதைச் சரியாகப் பொருத்தவில்லை. வலுவூட்டாத மெல்லிய தகட்டு சீட்டின் முதுகில் பூட்டியிருந்தார்கள். மோதின வேகத்தில் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. அவருக்குக் காயம் அதிகமானதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறது அறிக்கை. பழைய விமானங்களில் வேலை பார்க்கிற நண்பர்கள் யாராவது இதைப் பார்த்தால், நாளைக்கே சீட்டுக்குப் பின்னால் கைவிட்டு, பட்டை எதில் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததைக் கமெண்டில் எழுதுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.