அலாய் வீல் மாத்தினா பழைய நட்டே போதுமா?

வணக்கம். இன்னிக்கு எடுத்துக்கிற சந்தேகம் இது. நேயர் ஒருத்தர் கேட்கிறார்: "கார்ல இருந்த இரும்பு வீலைக் கழட்டிட்டு, வெளியில வாங்கின அலாய் வீல் போட்டேன். நட்டு பழசேதான். நல்லா டைட் ஆச்சு. ஆனா சில நாள் ஓட்டினதும் பார்த்தா ரெண்டு நட்டு லூசா இருக்கு. நட்டு தேஞ்சு போச்சா? புதுசு வாங்கணும்னா எதைப் பார்த்து வாங்கறது?"

நட்டு தேய்ஞ்சிருக்க வாய்ப்பு கம்மிங்க. பெரும்பாலும் அது வீல்ல சரியா உட்காரல. மரையில ஏறுறது வேற, வீல்ல உட்கார்றது வேற. நீங்க முதல் விஷயத்தைப் பார்த்திருக்கீங்க, ரெண்டாவதைப் பார்க்கல.

வீலை எது பிடிச்சு நிறுத்துதுன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. நட்டை முறுக்கும்போது ஸ்டட், அதாவது நட்டு ஏறுற மரைக் கம்பி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீளுது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும் இல்லையா, அந்த இழுப்புதான் வீலை ஹப் மேல, அதாவது வீல் மாட்டுற நடுப்பாகத்து மேல, அமுக்கி வைக்குது. வீலும் ஹப்பும் ஒட்டுற முகத்துல வர்ற உராய்வுதான் வண்டியோட பாரத்தையும் பிரேக் போடுற வேகத்தையும் தாங்குது. அந்த அமுக்கம் குறைஞ்சா வீல் துளியூண்டு நகரும். நகர ஆரம்பிச்சா நட்டு தானா கழலும். அப்படியே ஓட்டினா ஸ்டட் வளைஞ்சு வளைஞ்சு ஒருநாள் ஒடியும்.

இப்ப நட்டைக் கையில எடுத்து, வீலைத் தொடுற பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. மூணு வடிவம் இருக்கு. ஒண்ணு கூம்பு. வெளியில வாங்கற அலாய் வீல் முக்காவாசி இதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க, 60 டிகிரி கூம்பு. ரெண்டாவது உருண்டை, பந்தை வெட்டி வெச்ச மாதிரி இருக்கும். ஹோண்டா கம்பெனி வீலோடயும், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி வண்டிகளோடயும் வர்றது இதுதான். உருண்டைன்னு சொன்னா மட்டும் போதாது, ஆரம் எத்தனைன்னும் பார்க்கணும். ஹோண்டாவுக்கு 12 மி.மீ., ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்கு 13 மி.மீ. மூணாவது தட்டை, கூடவே ஒரு வாசர் இருக்கும். டொயோட்டாவோட பழைய அலாய் வீல்கள்ல நிறைய பார்க்கலாம்.

உருண்டை நட்டைக் கூம்புக் குழியில போட்டா என்ன ஆகும்? முழுசா ஒட்டாம, ஒரு மெல்லிசான வளையத்துல மட்டும் தொடும். முறுக்கும்போது டைட் ஆன மாதிரிதான் இருக்கும், முறுக்கு விசையை (டார்க்) அளக்கற டார்க் ரெஞ்ச்சும் 'டக்'குனு சொல்லிடும். ஆனா அவ்வளவு விசையும் அந்த மெல்லிசு வளையத்து மேல விழுது. அலாய் மிருதுவான உலோகம், ஓட ஓட அங்க நசுங்கும். அரை மில்லிமீட்டர்கூட வேண்டாம், அதுல பத்துல ஒரு பங்கு நசுங்கினாலே ஸ்டட்ல இருந்த இழுப்பு நல்லாவே இறங்கிடும். உங்க வண்டியில நடந்திருக்கிறது அநேகமா இதுதான்.

சந்தேகம் இருந்தா இப்படிச் சோதிச்சுப் பாருங்க. நட்டோட உட்கார்ற முகத்துல மார்க்கர் பேனாவால முழுக்கப் பூசுங்க. காயுறதுக்குள்ள கையால ஏத்தி, ஸ்பேனர்ல லேசா ஒரு பிடி பிடிச்சுட்டுக் கழட்டுங்க. வீல் குழியில மை அகலமான பட்டையா, சுத்திலும் ஒரே சீரா ஒட்டியிருந்தா வடிவம் பொருந்துது. நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் விழுந்திருந்தா அந்த நட்டு வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மை இருந்தா நட்டு மேல சந்தேகப்படாதீங்க, பி.சி.டி., அதாவது ஓட்டைகளோட மையம் வழியாப் போற வட்டத்தோட விட்டம், பொருந்துதான்னு பாருங்க. 4 ஓட்டை 100 மி.மீ. ஹப்புல 4 ஓட்டை 98 வீலை நெம்பி ஏத்தியிருப்பாங்க.

வடிவம் சரி, அடுத்து மரை. மாருதி சுசுகியில 12 மி.மீ. தடிமன், 1.25 பிட்ச். பிட்ச்னா ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல இருக்கிற தூரம், மி.மீ.-ல. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய், கியா கார்கள்ல பெரும்பாலும் 12-க்கு 1.5. ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துல 14-க்கு 1.5. பி.எம்.டபிள்யூ பழசுல 12-க்கு 1.5, புதுசுல 14-க்கு 1.25. இதை மனப்பாடம் பண்ணி வாங்கக் கூடாது, ஒரே கம்பெனியிலயே மாறும். லேண்ட் க்ரூஸரும் டொயோட்டாதான், அதுக்கு 14-க்கு 1.5. அதனால அளந்துக்கோங்க. ஸ்டட் மேல ஸ்கேலை வெச்சு ஒரு மரை முகட்டுல இருந்து பத்து மரை தள்ளி அளங்க. 15 மி.மீ. வந்தா பிட்ச் 1.5, பன்னிரண்டரை வந்தா 1.25.

1.25 நட்டு 1.5 ஸ்டட்ல ரெண்டு மூணு சுத்து ஏறி நின்னுடும். கையால போட்டா அங்கேயே தெரிஞ்சிடும். ஏர் கன் வெச்சா அது நிக்கவே நிக்காது, மரையை அரைச்சுக்கிட்டே உள்ள போயிடும். எந்தக் கடையில டயர் மாத்தினாலும், முதல் அஞ்சாறு சுத்தைக் கையால போடச் சொல்லுங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

அடுத்தது, எத்தனை சுத்து பிடிக்குது? ஸ்டட்டோட தடிமன் அளவுக்காவது மரை பிடிக்கணும். 12-க்கு 1.5-ன்னா 8 சுத்து, 12-க்கு 1.25-ன்னா 10 சுத்துக்கு ஒரு துளி கம்மி. இரும்பு வீல் தகடு மெல்லிசு, அலாய் வீல்ல நட்டு உட்கார்ற இடம் தடிமன். அதனால இரும்பு வீலுக்குச் சரியா இருந்த ஸ்டட் அலாய்க்குக் குட்டையாகலாம். நட்டு வீலைத் தொடுற நிமிஷத்துல இருந்து கழட்டிக்கிட்டே எண்ணுங்க. 5 சுத்துலயே கையோட வந்துட்டா, நட்டை மாத்திப் பிரயோஜனம் இல்ல, நீளமான ஸ்டட்தான் போடணும். இதுக்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. தலை மூடின நட்டுல ஸ்டட் முனை உள்ள போய் முட்டிடும். வீல் இன்னும் ஆடும், ஆனா நட்டு மட்டும் கல்லு மாதிரி டைட்டா இருக்கும்.

ஸ்டட்டும் நட்டும் இல்லாம, போல்ட்டே நேரா ஹப்புல ஏறுற கார் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வீல்ல பழைய போல்ட்டைச் செருகி, பின்பக்கம் எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்குன்னு அளங்க. புது வீல்ல புது போல்ட்டும் அதே அளவு நீட்டணும். கம்மின்னா மரை பத்தாது. ரொம்ப அதிகம்னா ஹப்பைத் தாண்டிப் போய், டிரம் பிரேக் இருக்கிற பின் வீல்ல உள்ள இருக்கிற பாகத்தை உரசும். வீலுக்கும் ஹப்புக்கும் நடுவுல 5 மி.மீ. ஸ்பேசர் தட்டு போட்டா போல்ட்டும் 5 மி.மீ. நீளணும். மாட்டினதும் ஜாக்கியை இறக்கறதுக்கு முன்னாடி வீலைக் கையால ஒரு சுத்து சுத்திப் பாருங்க, கரகரன்னு சத்தம் வந்தா அங்கேயே நிறுத்திடுங்க. போல்ட்டு தலையில 10.9-னு அடிச்சிருக்கணும். அலுமினிய நட்டு ரோட்டுல ஓடுற வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

முறுக்கறதை வேகமாச் சொல்லிடறேன். ஹப் முகத்துல துரு, வீல் பின்முகத்துல கெட்டியாப் பெயிண்ட், ரெண்டையும் கம்பி பிரஷ்ஷால எடுங்க. அப்புறம் நேர் எதிர் நட்டா மாத்தி மாத்தி, ரெண்டு மூணு தடவையா ஏத்துங்க. எவ்வளவு டார்க்னு வண்டி கையேட்டுல இருக்கும். 12 மி.மீ.-க்கு பெரும்பாலும் 85-ல இருந்து 110 நியூட்டன் மீட்டர், 14 மி.மீ.-க்கு 120-ல இருந்து 140. 60 கிலோ ஆள் 35 செ.மீ. ஸ்பேனர் மேல ஏறி நின்னா கிட்டத்தட்ட 200 வந்துடும். அந்த ஸ்டட் நீண்டது நீண்டதுதான், திரும்பச் சுருங்காது. மரையில எண்ணெயோ கிரீஸோ தடவாதீங்க. கம்பெனி சொல்ற டார்க் காய்ஞ்ச மரைக்கு. எண்ணெய் இருந்தா அதே டார்க்குக்கு ஸ்டட் ரொம்ப அதிகமா இழுபடும்.

புது வீல்னா குழியில இருக்கிற பெயிண்ட் கொஞ்சம் அமுங்கும். அதனால 50-ல இருந்து 100 கி.மீ. ஓட்டினதும், வீல் ஆறினதுக்கு அப்புறம் மறுபடி டார்க் பாருங்க. அதுக்குப் பிறகும் லூசாச்சுன்னா சும்மா சும்மா முறுக்கிக்கிட்டே இருக்காதீங்க. கழட்டி அந்த மார்க்கர் சோதனையைச் செய்ங்க. லூசா ஓடின ஸ்டட்ல மரை நசுங்கியிருந்தாலோ, நடுவுல இடுப்பு விழுந்த மாதிரி மெலிஞ்சிருந்தாலோ அதை மாத்திடுங்க. ஒண்ணு ஒடிஞ்சிருந்தா பக்கத்துல இருக்கிறதும் கூடுதல் பாரம் சுமந்திருக்கும், அதையும் சேர்த்து மாத்தறதுதான் நல்லது.

பழைய நட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. உங்க ஸ்டெப்னி இன்னும் இரும்பு வீல்தானே, அதுக்குப் பொருந்தறது அந்தப் பழைய நட்டுதான். ஒரு வீலுக்குத் தேவையான அளவு ஒரு பையில போட்டு ஸ்டெப்னி குழியிலேயே வைங்க. அலாய்க்கு வாங்கற நட்டு, சுத்திலும் வரி வரியா பள்ளம் இருக்கிற ஒல்லியான ஸ்ப்ளைன் வகைன்னா, அதைக் கழட்டற சாவியும் அதே பையில இருக்கணும். அது இல்லாம நடுரோட்டுல பஞ்சர் ஆச்சுன்னா, ஜாக்கி இருந்தும் வீலைக் கழட்ட முடியாது.